எட்டாவது 'என்னங்க!'

"என்னங்க...!"

பனிக்காட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு வந்தது அந்த அலறல்.

தேவதாரு மரத்தின் உச்சியில் குந்தியிருந்த பனி, அந்தச் சத்தத்துக்கே நடுங்கிப் பொத்தென்று கீழே விழுந்தது. எங்கேயோ ஒரு பறவை கூட்டை விட்டே ஓடியது.

"என்னங்க...! விடாதீங்க...! விடாதீங்...!"

அவ்வளவுதான்.

அப்புறம் சத்தமே இல்லை.

நூறு அடி முன்னால் நடந்துகொண்டிருந்த காது டாக்டர் அதைக் கேட்டார். நன்றாகவே கேட்டார். கேட்காமல் போக அவர் என்ன செவிடா? ஊரில் இருக்கிற செவிட்டுக் காதில் பாதிக்கு மெஷின் மாட்டி விட்டவரே அவர்தான்! டாக்டர் பட்டம் எல்லாம் கிடையாது. கடை வைத்திருக்கிறார். ஆனாலும் ஊர் வாய் அவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டது.

சரி, கேட்டுவிட்டு என்ன செய்தார்?

திரும்பினாரா?

இல்லை!

கம்பளிக் குல்லாயை இரண்டு கையாலும் பிடித்து, காதுக்குக் கீழே வரை இழுத்து விட்டுக்கொண்டு... நடந்தார்!

போதாக்குறைக்கு, உதட்டோரம் ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு!

அடப் பாவி மனுஷா என்று நீங்கள் திட்டுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அவர் தரப்பையும் கேட்டுவிட்டு, அப்புறம் ஆசை தீரத் திட்டலாம்.

அன்று காலையிலிருந்து அது எட்டாவது 'என்னங்க'.

முதல் 'என்னங்க' விடுதி வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே வந்துவிட்டது. ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதாம். இரண்டாவது, ஒரு மரப்பட்டை. மூன்றாவது, அதே மரத்தின் மறுபக்கப் பட்டை! நாலாவதில் ஏதோ ஒரு குருவியின் காலடித் தடம். ஐந்தும் ஆறும் பாசி. ஏழாவதும் பாசிதான்.

அவர் மனைவி தாவரவியல் டீச்சர். இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் வைத்த பெயர் பாசி டீச்சர். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதைக் கொண்டாட இந்தப் பனிமலைக்கு வந்திருக்கிறார்கள். டாக்டருக்கு உச்சிக்குப் போகணும். டீச்சருக்கு ஒவ்வொரு மரத்திடமும் நலம் விசாரிக்கணும். எப்படி ஒத்துப்போகும்?

ஏழாவது 'என்னங்க'வில் வெடித்துவிட்டது. பாதை இரண்டாகப் பிரிகிற இடம்.

"என்னங்க! இங்க வாங்களேன். இந்தப் பாசியைப் பாருங்க. பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல..."

"பாத்துட்டேன்."

"எங்க பாத்தீங்க? நீங்க உச்சியைத்தானே பாக்கறீங்க!"

"மலைக்கு வந்தவன் உச்சியைப் பாக்காம பாசியையா பாப்பான்? பாசி நம்ம வீட்டு பாத்ரூம்லயே இருக்கு!"

டீச்சரின் மூக்கு நுனி சிவந்தது. குளிரால் அல்ல.

"நாலாம் நம்பர் ரூம் புது மாப்பிள்ளையைப் பாத்தீங்களா? கல்யாணமாகி மூணு வாரம். காலைல டிபன் சாப்பிடும்போது பொண்டாட்டி கையை விடவே இல்ல. ஒத்தக் கையாலயே ரொட்டியைப் பிச்சுத் தின்னான். நீங்க என் கையைக் கடைசியா எப்ப பிடிச்சீங்க?"

"போன மாசம்! பிரஷர் பாக்க!"

"இனிமே உங்களைக் கூப்பிடவே மாட்டேன்! செத்தாலும் கூப்பிட மாட்டேன்!"

"அந்த உபகாரத்தையாவது பண்ணு!"

விறுவிறுவென்று நடந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமே!

பத்தே நிமிஷம். எட்டாவது 'என்னங்க' வந்துவிட்டது. கூப்பிடவே மாட்டேன் என்றவள் கூப்பிடுகிறாள் பார்! அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

நாற்பது அடி நடந்திருப்பார்.

கால் நின்றது.

அவர் கடையில் ஒரு கண்ணாடி அறை உண்டு. சத்தம் புகாத அறை. ஆளை உள்ளே உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்பார். இருபத்தைந்து வருஷமாகச் சத்தம் எப்படித் தொடங்கும், எப்படி அடங்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்த மனுஷர்.

'விடாதீங்...'

'க' எங்கே?

கடைசி எழுத்து வரவில்லையே!

குல்லாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினார். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார்.

சத்தம் வந்த வளைவில் யாரும் இல்லை.

பாதையின் விளிம்பில் பனி உடைந்திருந்தது. கடித்த ரொட்டித் துண்டு மாதிரி! அங்கிருந்து கீழே ஒரு நீளமான சறுக்கல் தடம். அதற்கும் கீழே... வெறும் வெள்ளை. பள்ளம் எது, மேகம் எது என்றே தெரியவில்லை.

விளிம்பில் ஒரு மஞ்சள் கையுறை கிடந்தது.

விடுதியில் கொடுத்த கையுறை. டீச்சர் காலையில் மாட்டிக்கொண்ட அதே மஞ்சள்.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். வரவில்லை! முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது கூப்பிட்டிருந்தால்தானே வரும்? நாக்குக்கு வழக்கமே இல்லை.

"ஏய்...!" என்றுதான் வந்தது. "ஏய்... எங்கடி இருக்க...! இந்தாம்மா...!"

பனி அதையும் விழுங்கிவிட்டது.

*

விடுதிக்காரம்மா கையில் சூப் கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்ன சார் இது கோலம்! தலையெல்லாம் பனி... டீச்சரம்மா எங்க?"

காது டாக்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பள்ளத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, ஒரே ஓட்டமாக மலையிறங்கி வந்திருந்தார். போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

"விழுந்துட்டா..."

"ஐயையோ!"

கரண்டி தரையில் விழுந்த சத்தம் மாடி வரை கேட்டது. அடுப்பங்கரையிலிருந்து கணப்பு மேடை வரை விடுதியே கூடிவிட்டது. மொத்தமே ஆறு பேர்தான், ஆனால் அறுபது பேர் கேள்வி கேட்டார்கள்!

மலை போலீஸுக்குத் தகவல் பறந்தது. அரை மணி நேரத்தில் பனி ஸ்கூட்டர்கள் வந்து நின்றன. நாலு பேர் கயிறும் கொக்கியுமாக வளைவுக்குப் பறந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் உள்ளே வந்தார். மீசையில் பனி உறைந்து, துடைப்பம் மாதிரி நின்றது. கணப்பு முன்னால் உட்கார்ந்ததும் அது உருகி நோட்டுப் புத்தகத்தில் சொட்டியது.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"பதினோரு மணி இருக்கும் சார். பாதை பிரியற இடத்துல."

"உங்களுக்குள்ள சண்டை கிண்டை?"

"சண்டையா? எங்களுக்குள்ளயா? சேச்சே!"

முதல் பொய். வாயிலிருந்து வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்தது.

"கத்தினாங்களா? உங்களைக் கூப்பிட்டாங்களா?"

கணப்பில் ஒரு விறகு படீரென்று வெடித்தது. காது டாக்டர் துள்ளி விழுந்தார்.

கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். நான் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டேன். சிரித்தேன் சார். சிரித்தேன்!

அதைச் சொல்வதற்குப் பதிலாக...

"இல்ல சார். எனக்கு ஒண்ணும் கேக்கல."

"என்ன தொழில் பண்றீங்க?"

"காது... காது மெஷின் கடை."

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"பனி சார்!" என்று காது டாக்டர் அவசரமாகச் சொன்னார். "புதுப் பனி சத்தத்தைத் தின்னுடும். கூரான சத்தம்தான் முதல்ல போகும். நான் வேற குல்லா போட்டிருந்தேன்..."

"ம்."

அந்த ஒற்றை 'ம்' போதும். காது டாக்டருக்கு முதுகுத் தண்டில் வியர்த்தது. வெளியே மைனஸ் எட்டு டிகிரி!

மாடிப்படியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். அழகன். ஆறடி. நேற்று வாங்கிய மாதிரி புத்தம் புது ஸ்வெட்டர்.

புது மாப்பிள்ளை!

நேராக வந்து காது டாக்டரின் தோளைக் கட்டிக்கொண்டான். பெற்ற பிள்ளை கூட அப்படிக் கட்டிக்கொள்ளாது.

"அங்கிள்... இப்பதான் கேள்விப்பட்டேன். மனசே ஆறல."

காது டாக்டர் உடைந்து போனார். அவன் ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

"உன்னைத்தான்பா காலைல சொன்னா... நீ கையை விடவே மாட்டேங்கறியாம். நான் ஒரு கட்டை..."

"அதெல்லாம் இல்ல அங்கிள்." அவன் குரல் தேனாக வழிந்தது. "அங்கிள்... உங்களுக்கு நிஜமாவே எந்தச் சத்தமும் கேக்கலையா?"

"இல்லப்பா..."

"திரும்பி ஒரு தடவை கூட பாக்கலையா?"

"இல்லப்பா..."

மாப்பிள்ளை நீளமாக மூச்சு விட்டான்.

"நல்லதுதான் அங்கிள். கேட்டிருந்தா ஆயுசுக்கும் தூக்கம் வராது."

ஈட்டி மாதிரி இறங்கியது அந்த வார்த்தை. தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? பாவம், நல்ல பிள்ளை. தனக்கு மட்டும் தெரிந்த பாவம் எப்படி அவனுக்குத் தெரியும்?

விடுதிக்காரம்மா காது டாக்டரிடம் சூப் கிண்ணத்தை நீட்டிவிட்டு, மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க வீட்ல எப்படி இருக்கு? காலைலேயே தலைவலின்னு ரூமுக்குப் போயிட்டாங்களே. கொஞ்சம் சூப் குடுத்து அனுப்பவா?"

"வேணாம்மா. மாத்திரை போட்டுட்டுத் தூங்கறா. நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எழுப்பாதீங்க."

"பாருங்க சார், பொண்டாட்டிக்குத் தலைவலின்னா மலையே வேணாம்னு இருந்திருக்கு பிள்ளை!"

காது டாக்டர் வாய் வரை கொண்டுபோன கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டார். அவன் தலைவலிக்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் அலறலுக்கே திரும்பவில்லை!

கர்ர்ர்... கர்ர்ர்...

இன்ஸ்பெக்டரின் இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சார்... ஆள் கிடைச்சாச்சு. பொம்பளை. சிவப்பு கோட்டு."

விடுதியில் தங்குகிற எல்லோருக்கும் சிவப்பு கோட்டுதான். பனியில் தொலைந்தால் கண்ணுக்குப் படணுமே!

"உயிர்?"

"முப்பது அடி கீழ ஒரு மரத்துல மாட்டி நின்னுருக்காங்க சார். நினைவு இல்ல. முகமெல்லாம் பனியும் ரத்தமுமா இருக்கு, அடையாளம் தெரியல. ஆனா... நாடி இருக்கு! லேசா இருக்கு! மேல தூக்கியாச்சு. வளைவுலேர்ந்து கொண்டுட்டு வரோம்."

"கடவுளே!" விடுதிக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

காது டாக்டர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

உயிரோடு இருக்கிறாள்!

அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தின் கழுத்தை இன்னொரு நினைப்பு நெரித்தது. கண்ணைத் திறந்ததும் முதலில் என்ன கேட்பாள்? 'ஏங்க திரும்பல?' அதைத்தானே கேட்பாள்?

மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒரு நொடிதான். உடனே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"சார், நான் போறேன். நடுவழிலயே போய்ப் பாத்துடறேன். அங்கிள் இந்த நிலைமைல பாத்தா நெஞ்சு வெடிச்சுடும்."

"நீங்க எதுக்கு தம்பி?"

"ஆன்ட்டியை நேத்தே பாத்துப் பழகியிருக்கேன். அடையாளம் சொல்லிடுவேன். அவங்க பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும் சார். கண்ணு முழிச்சா ஒரு தெரிஞ்ச முகம் வேணும்ல? உங்க ஆட்களும் பாவம், களைச்சிருப்பாங்க. நான் பாத்துக்கறேன்."

மீசையைத் தொடர்ந்து இன்ஸ்பெக்டரின் மனசும் உருகியது.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! போங்க தம்பி. என் ஸ்கூட்டரையே எடுத்துக்குங்க."

சாவி கை மாறியது.

மாப்பிள்ளை வாசலை நோக்கி நடந்தான். பத்தடி. எட்டடி. ஆறடி...

காது டாக்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. யாரோ பெற்ற பிள்ளை, யாரோ ஒரு டீச்சருக்காகப் பனியில் போகிறான். தாலி கட்டியவன் கணப்பு முன்னால் சூப் குடித்துக்கொண்டு பொய் சொல்கிறான். தூ!

"நில்லுங்க!"

அந்தக் கத்தலில் சூப் கிண்ணம் உருண்டது.

"நான் பொய் சொன்னேன்!"

மாப்பிள்ளையின் கை கதவுப் பிடியில் அப்படியே உறைந்தது.

"எனக்குக் கேட்டுச்சு சார்! நல்லாவே கேட்டுச்சு! அவ கத்தினது கேட்டுச்சு. திமிர் சார். சண்டை போட்டுட்டு வந்த திமிர். குல்லாயை இழுத்து விட்டுக்கிட்டேன். சிரிச்சேன் சார்... அவ விழறப்ப நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்!"

தலையில் தலையில் அடித்துக்கொண்டார். விடுதிக்காரம்மா அந்தக் கையைப் பிடிக்கப் போய், தயங்கி, பிடிக்காமலே விட்டுவிட்டார். அந்தத் தயக்கம் அடியை விட வலித்தது.

"என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க சார்!"

"திரும்பாம நடந்ததுக்கெல்லாம் உள்ள போட்டா ஊர்ல ஆம்பளையே மிஞ்ச மாட்டான்." இன்ஸ்பெக்டர் நோட்டை மறுபடி திறந்தார். "அழாம சொல்லுங்க. என்ன சொல்லிக் கத்தினாங்க? ஒரு எழுத்து விடாம சொல்லுங்க."

"'என்னங்க'ன்னு ரெண்டு தடவை. அப்புறம்... 'விடாதீங்க'ன்னு. ரெண்டாவது 'விடாதீங்க' பாதியிலயே நின்னுடுச்சு. என்னை விட்டுட்டுப் போகாதீங்கன்னு கெஞ்சியிருக்கா சார்..."

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதியதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"நீங்க எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?"

"நூறு அடி இருக்கும்."

"நூறு அடி தள்ளிப் போறவரைப் பாத்து ஒரு பொம்பளை என்ன சார் கத்துவா?"

"என்ன கத்துவா?"

"'நில்லுங்க'ன்னு கத்துவா. 'வாங்க'ன்னு கத்துவா. 'ஐயோ, காப்பாத்துங்க'ன்னு கத்துவா." இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். தன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். "'விடாதீங்க'ன்னு யாரைப் பாத்துக் கத்துவா? தன் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கறவனைப் பாத்துக் கத்துவா!"

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். காது டாக்டருக்கு அது விழுவதற்கு முன்பே கேட்கும்!

"அப்படின்னா..." அவர் வாய் பிளந்தது. மூளை எங்கெங்கோ ஓடி, ஓடக் கூடாத இடத்துக்கும் ஓடியது. "அப்படின்னா... என் பொண்டாட்டி கையை வேற ஒருத்தன்... இவ வேற எவனையோ 'என்னங்க'ன்னு..."

படார்!

கதவு திறந்தது. திறந்த வேகத்தில் மாப்பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

பனி உதிர உதிர, கையில் மலையேறும் தடியோடு, ஆளுயரக் கோபமாக ஓர் உருவம் நின்றது.

"வேற எவனைங்க? தைரியம் இருந்தா சொல்லி முடிங்க!"

பாசி டீச்சர்!

விடுதிக்காரம்மா "பே... பே..." என்று ஆரம்பித்து 'பேய்' வரை போகாமல் நாற்காலியில் விழுந்தார்.

காது டாக்டர் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். மறுபடி பார்த்தார். தரையில் கால் பாவாமல் ஓடிப் போய் அவள் இரண்டு தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கோட்டு இருந்தது. கோட்டுக்குள் ஆளும் இருந்தது.

"நீ... நீ விழல?"

"நான் எதுக்கு விழணும்? நீங்க முறுக்கிக்கிட்டு மேல போனீங்க. நான் மத்தப் பாதைல இறங்கி டீக்கடைல உக்காந்தேன். கூப்பிட மாட்டேன்னா கூப்பிட மாட்டேன். பதினோரு டீ குடிச்சேன்!" சட்டென்று டீச்சரின் குரல் இறங்கியது. "போலீஸ் வண்டி போற சத்தம் கேட்டுச்சு. எனக்காகத்தான்னு தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் தவிக்கட்டும்னு... உக்காந்தே இருந்தேன். அது தப்புதான்."

"அப்ப நீ கூப்பிடவே இல்லையா? 'என்னங்க... விடாதீங்க'ன்னு..."

"முப்பது வருஷத்துல நான் உங்களை 'விடாதீங்க'ன்னு ஒரு நாள் சொல்லியிருக்கேனா? 'விடுங்க, விடுங்க, ஆளை விடுங்க'ன்னுதான் சொல்லியிருக்கேன்!"

இன்ஸ்பெக்டர் இதைக் கேட்கவில்லை. மெதுவாகத் திரும்பினார்.

"டீச்சரம்மா இங்க இருக்காங்க. அப்ப மரத்துல மாட்டிக்கிட்டு நின்னது யாரு? இந்த விடுதியில 'என்னங்க'ன்னு கூப்பிடற இன்னொரு பொம்பளை யாரு?"

எல்லாத் தலைகளும் மாடியைப் பார்த்தன. நாலாம் நம்பர் அறை.

"பத்து மணிக்கு டீ கொண்டு போய்த் தட்டினேன்..." விடுதிக்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "யாரும் திறக்கல. அசந்து தூங்கறாங்கன்னு..."

அப்புறம் எல்லாத் தலைகளும் கதவைப் பார்த்தன.

மாப்பிள்ளை பாய்ந்தான்!

இருபத்தெட்டு வருஷம், மணி அடிக்கும் முன்னே வகுப்பை விட்டு ஓடுகிற பிள்ளைகளைப் பிடித்த கை டீச்சருடையது. மலையேறும் தடியை அவன் கால்களுக்கு நடுவில் அலட்டிக்கொள்ளாமல் நீட்டினார். அவ்வளவுதான். ஆறடி அழகன் மூக்கை வைத்துத் தரையைப் பெருக்கினான். இன்ஸ்பெக்டர் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தே விட்டார். சாவி தானாகக் கைக்கு வந்தது.

"தெரிஞ்ச முகம் வேணும்னியேடா! நடுவழிலயே கதையை முடிச்சிருப்ப!"

*

ஸ்ட்ரெச்சர் வந்தது.

கம்பளிக்குள் ஒரு சின்ன முகம். விடுதிக்காரம்மா வெந்நீரில் துணியை நனைத்து ரத்தத்தைத் துடைக்கத் துடைக்க, அந்த முகம் புதுப் பெண்ணாக மாறியது. ஒரு கையில் மஞ்சள் கையுறை. இன்னொரு கை வெறுங்கை.

பிழைத்துவிடுவாள் என்று ஆம்புலன்ஸ் வண்டியோடு வந்த நர்ஸ் சொன்னாள். கால் முறிந்திருக்கிறது. மற்றபடி இளம் உடம்பு.

கண்ணைத் திறந்ததும் விட்டு விட்டுப் பேசினாள்.

"இவருக்கு... ஏற்கெனவே ஒரு மனைவி இருக்காங்க. நேத்து அவங்களே எனக்கு போன் பண்ணாங்க. இன்னைக்கு டிபன் முடிஞ்சதும் இவர்கிட்ட கேட்டேன். 'காட்டுக்குள்ள போய்ப் பேசலாம், யாருக்கும் தெரிய வேணாம்'னு பின்வாசல் வழியா கூட்டிட்டு வந்தார். விளிம்புல வழுக்கிட்டேன். கையைப் பிடிச்சார்... பிடிச்சு என் முகத்தையே பாத்தார்... அப்புறம் ஒவ்வொரு விரலா எடுத்தார்."

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெண்ணின் கண் அறையைச் சுற்றி வந்தது. காது டாக்டர் மேல் நின்றது.

"அங்கிள்... உங்க முதுகு தெரிஞ்சுது."

காது டாக்டருக்குக் காது அடைத்தது. இருபத்தைந்து வருஷத் தொழிலில் முதல் தடவையாக!

"சிவப்பு கோட்டு. தூரத்துல. ரெண்டாவது தடவை கத்தினது உங்களுக்கும் கேக்கட்டும்னுதான். நீங்க திரும்பினா அவர் பயந்து தூக்கிடுவார்னு நினைச்சேன். உங்க கை தலைக்குப் போச்சு. திரும்பப் போறீங்கன்னு நினைச்சேன்..."

தலைக்குப் போன கை!

குல்லாயை இழுத்து விட்ட கை!

"அம்மா... தாயி..." ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். "மன்னிச்சுடும்மான்னு கேக்கக் கூட எனக்கு யோக்கியதை இல்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் வண்டிக்குப் போய்விட்டது. அவர் அப்படியே கிடந்தார்.

டீச்சர்தான் கையைப் பிடித்து எழுப்பினார். எழுப்பிவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"ஊரான் காதையெல்லாம் சோதிக்கறீங்க. என் குரலுக்கும் அந்தப் பொண்ணு குரலுக்கும் வித்தியாசம் தெரியலையா?"

"தெரியல..."

"பனி தின்னுடுச்சா?"

சாக்குச் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"இல்ல. நான் குரலைக் கேக்கறதை விட்டு ரொம்ப வருஷமாச்சு. 'என்னங்க'ன்னு காதுல விழும். உடனே பட்டனை ஆஃப் பண்ணிடுவேன்."

டீச்சர் பிடித்த கையை விடவில்லை.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார்.

"சார், நீங்கதான் முக்கிய சாட்சி. பொண்ணோட வாக்குமூலத்தைத் தவிர, நடந்ததைக் கேட்ட ஒரே காது உங்களோடதுதான். எல்லாம் எழுதிட்டேன். ஒரு இடம் மட்டும் காலியா இருக்கு. 'அலறல் கேட்டும் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?' அவனோட வக்கீல் இதைத்தான் பிடிச்சுத் தொங்குவான். நீங்களே உங்க கையால எழுதிடுங்க."

காது டாக்டர் பேனாவை வாங்கினார்.

"காது கொஞ்சம் மந்தம்னு..."

"எழுதுங்க," என்றார் டீச்சர். "நாளைக்கே கடையை இழுத்து மூடிடலாம்."

"காத்து பலமா அடிச்சுதுன்னு..."

"பொய் சாட்சி சொன்னா எத்தனை வருஷம் போடுவாங்க இன்ஸ்பெக்டர் சார்?"

"ஏழு வரைக்கும் போடலாம்மா."

காது டாக்டர் மனைவியைப் பார்த்தார். கணப்பைப் பார்த்தார். மாப்பிள்ளை கையில் மாட்டிய விலங்கைப் பார்த்தார். பிறகு, வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

'கூப்பிடுவது என் மனைவி என்று நினைத்தேன். அதனால் திரும்பவில்லை.'

டீச்சர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். முழுசாகப் படித்தார். ஒரு இடத்தில் விட்டுப்போன புள்ளியை வைத்தார். போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்க்கக் காது டாக்டருக்குத் தெம்பு இல்லை.

"சார்..." காது டாக்டர் இன்ஸ்பெக்டரின் காதோரம் குனிந்தார். "இதைக் கோர்ட்ல படிப்பாங்களா?"

"சத்தமா படிப்பாங்க."

"ஜட்ஜ் புரிஞ்சுக்குவார் இல்ல?"

இன்ஸ்பெக்டர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பரிதாபமாகத் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். நானா இருந்தா படிச்ச உடனே புரிஞ்சுக்குவேன் சார். ஆனா உங்க கெட்ட நேரம்... ஜட்ஜ் ஒரு அம்மா!"